தொகை நூலில் கிடைக்காதவள்

பாடப் பட்டியலையும் நான் கவிதையைப் போலத்தான் வாசிப்பேன். இருப்பதைவிட விடுபட்டதில்தான் கண் போகும். எங்கள் பாடத்திட்டக் குழுவில் ஒருமுறை, ஒரு பெண் கவிஞரின் தொகுப்பை முழுதாகப் பாடமாக வைக்கலாம் என்றேன். "மூணு கவிதை போதும்மா, மிச்சமெல்லாம் பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு?" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். மூன்றையும் அவரே தேர்ந்தெடுத்தார். அம்மா, மழை, மொழி.

அதனால்தான் அமெரிக்காவின் கிறித்தவப் பள்ளி வழக்கு ஒன்றைப் பற்றி வாசித்தபோது, எல்லோரும் நின்ற இடத்தில் நான் நிற்கவில்லை. கலிஃபோர்னியா மாநிலத்தின் முரியெட்டா நகரில் இருக்கிறது கால்வரி சேப்பல் கிறித்தவப் பள்ளி. அதுவும், கிறித்தவப் பள்ளிகளின் பன்னாட்டுச் சங்கமும், சில மாணவர்களும் சேர்ந்து 2005இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். பள்ளி நடத்தும் எந்தெந்தப் பாடங்கள் தன் சேர்க்கைத் தகுதிக்குச் செல்லும் என்பதை அந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது. கிறித்தவப் பள்ளிகளின் பாடங்கள் பலவற்றை ஏற்றுக்கொண்ட அது, உயிரியல், வரலாறு, ஆங்கிலம் ஆகியவற்றில் சிலவற்றை மறுத்தது. 2008இல் மாவட்ட நீதிமன்றத்திலும் 2010இல் மேல்முறையீட்டிலும் பல்கலைக்கழகமே வென்றது.

டார்வினா கடவுளா என்பதே பெரிய பேச்சாக இருந்தது. வரலாற்றுப் பாடநூலைப் பற்றிய குறைகளை எத்தனை பேர் வாசித்தார்களோ! நிகழ்வுகளை மனிதச் செயலாகப் பார்க்காமல் தெய்வச் சித்தமாகப் பார்க்கிறது என்பது ஒரு குறை. சிறுபான்மை இனங்களையும் பெண்களையும் பிற மதத்தவரையும் போதுமான அளவு பேசவில்லை என்பது இன்னொன்று. பெண்கள் இந்தப் பட்டியலில் ஒரு சொல்லாக வந்து போகிறார்கள். எனக்கோ இரண்டும் ஒரே குறைதான். 1848இல் செனிகா ஃபால்ஸில் கூடிய பெண்கள் கேட்ட வாக்குரிமை 1920இல்தான் அரசியல் சட்டத்தில் ஏறியது. இடையில் 72 ஆண்டுகள். சிறை, உண்ணாவிரதம், குழாய் வழியே வலுவில் புகட்டிய உணவு. தெய்வச் சித்தம் என்று எழுதினால் போராடி எடுத்தது வரமாகிவிடும். இதைச் சொல்வது விசுவாசத்துக்கு எதிரான பேச்சும் இல்லை. செனிகா ஃபால்ஸில் முன்நின்ற லுக்ரீஷியா மாட் குவேக்கர் சபையின் போதகர்.

ஆங்கிலப் பாடத்தை மறுத்த காரணம் இன்னும் சாதாரணமானது. தொகை நூல் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறீர்கள், எந்த நூலையும் முழுதாக வாசிக்க வைக்கவில்லை என்றது பல்கலைக்கழகம். அலுவலகக் குமாஸ்தா சொல்லும் காரணம் போல இருக்கிறது. ஆனால் அந்த வழக்கிலேயே பெண்களுக்கு மிக வேண்டிய காரணம் அதுதான் என்பேன்.

எமிலி டிக்கின்சனை எடுத்துக்கொள்வோம். பள்ளித் தொகை நூல்களில் வழக்கமாகத் தென்படுபவர் தேனீ, பறவை, நம்பிக்கை என்று எழுதிய சாதுவான எமிலி. ஏறத்தாழ 1,800 கவிதைகளையும் திறந்தால் கடவுளோடு வழக்காடுகிற, அவரைச் சந்தேகிக்கிற, சில சமயம் கேலியும் செய்கிற ஒருத்தி எழுந்து வருகிறாள். அவர் 1886இல் இறந்தார். 1890இல் வந்த முதல் தொகுப்பில் பதிப்பாசிரியர்கள் எதுகையையும் நிறுத்தற்குறிகளையும் 'திருத்தினார்கள்'. திருத்தாத முழுத் தொகுப்பு வர 1955 ஆயிற்று. தேர்ந்தெடுக்கும் கை எப்போதும் கனிவாகத்தான் இருக்கும், எங்கள் பேராசிரியரின் கையைப் போல.

1847இல், 16 வயதில், அவர் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் செமினரியில் சேர்ந்தார். மேரி லயன் நிறுவிய கிறித்தவப் பள்ளி அது; பெண்களுக்கு வேதியியலும் உடலியலும் கற்பித்த பள்ளியும் அதுவே. மாணவிகளை விசுவாச நிலைப்படி மூன்றாகப் பிரித்தார்கள்: விசுவாசத்தை அறிக்கையிட்டவர்கள், மீட்பின் நம்பிக்கை உள்ளவர்கள், நம்பிக்கை இல்லாதவர்கள். எமிலி மூன்றாம் வரிசை. ஓராண்டு முடியும் முன்பே வீடு திரும்பினார். அதுவரை அந்த வரிசையைவிட்டு நகரவில்லை. ஆனாலும் வேதியியல் வகுப்பில் அவருக்கு இடம் இருந்தது.

இன்று அந்த 16 வயது மினசோட்டா மாநிலத்தில் நிற்கிறது. அங்கே 1985 முதல் பள்ளி மாணவர்கள் கல்லூரிப் பாடங்களையும் சேர்த்துப் படிக்கலாம், கட்டணம் அரசுடையது. இரட்டைச் சேர்க்கை என்கிறார்கள். பள்ளியின் தொகை நூலைத் தாண்டி ஒரு பெண் முழு நூலுக்குப் போகிற முதல் வாசல் இதுவாக இருக்கலாம். ஆனால் இதில் பங்கேற்கும் கிறித்தவக் கல்லூரிகளில் இரண்டு, வளாகத்துக்கு வந்து படிப்பவர்களிடம் விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்கின்றன. கேட்கக் கூடாது என்று 2023இல் சட்டம் வந்தது. கிறித்தவப் பெற்றோரும் அக்கல்லூரிகளும் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது.

விரும்பிய கல்லூரியில் மகளைச் சேர்க்கும் உரிமை என்கிறார்கள் பெற்றோர். சமய நிறுவனங்களின் சுதந்திரத்தை நான் எளிதாக ஒதுக்குபவள் இல்லை. பெண்களைப் படிக்கவைத்ததில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. வேறு கல்லூரிகளும் அங்கே இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் பதினாறு வயதில் எந்தக் கல்லூரி என்பதை வீடுதான் முடிவு செய்கிறது. வீடு காட்டிய வாசலில் கையெழுத்து ஒன்று கிடக்கிறது. உள்ளே வேதியியல் வகுப்பு நடக்கிறது. மனம் ஒப்பாத பெண்ணும் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவாள். நானாயிருந்தாலும் போட்டிருப்பேன். எமிலி போட்டிருக்க மாட்டார்.