வள்ளுவர் கண்ட பொச்சாவாமை

மனத்தை ஒருமுகப்படுத்துதல் பற்றி இற்றைநாளிற் பேசாதார் இலர். ஆசிரியர் மாணாக்கர்க்கும், பெற்றோர் பிள்ளைகட்கும் இதனையே ஓதுகின்றனர். இதற்கு வழிகூறும் நூல்களும் பல. அவற்றுட் பெரும்பாலன கவனத்தை ஒரு திறமையாகவும், அத்திறமையைத் தேர்விலும் தொழிலிலும் முந்துதற்குரிய கருவியாகவுமே கொண்டு பேசுகின்றன. திருவள்ளுவரோ இப்பொருளை வேறொரு நிலையில் வைத்துக் காண்கின்றார். அந்நிலை யாதென ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்பது மறதி. ஆயினும், ஒருவர் பெயரையோ ஓர் ஆண்டையோ நினைவிற் கொணர இயலாமை ஈண்டுக் கருதப்பட்டிலது. செய்யவேண்டியது இதுவெனத் தெரிந்திருந்தும் அதனை நழுவவிடும் சோர்வே ஈண்டுக் கருதப்பட்டது. ஆகவே இது நினைவாற்றற் குறையன்று, கவனக் குறையாகும். அங்ஙனமாயின் இது சோம்பலின் பாற்படாதோ எனின், படாது. மடியின்மைக்கு 61ஆம் அதிகாரத்தைத் தனியே வகுத்த ஆசிரியர், அதனுள்ளும் கெடுவார் விரும்பி ஏறும் கலங்களென நான்கினை எண்ணுமிடத்து, மறவியையும் மடியையும் வெவ்வேறாகவே வைத்தனர். சுறுசுறுப்புடையானும் பொச்சாப்புடையனாதல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இச்சோர்வுக்குக் காரணம் யாது? உவகை மகிழ்ச்சியே என்கின்றார் வள்ளுவர். அதிகாரத்தின் முதற் குறளிலேயே, அளவிறந்த சினத்தினும் மகிழ்ச்சியிற் பிறக்கும் சோர்வு தீதென்று அறுதியிடுகின்றார். இது முதலிற் கேட்பார்க்கு வியப்பாகவே தோன்றும். ஆயினும் சிறிது ஆராயின் உண்மை புலனாகும். சினம் வருங்காற் கண் சிவக்கும், சொல் தடிக்கும். அருகிலுள்ளார் அஞ்சி விலகுவர். சினந்தவனும் பின்னர் நாணுவான். மகிழ்ச்சியில் வரும் சோர்வோ இனிதாய் வருதலின், அதனைக் குற்றமென்று உணர்வாரும் இலர், உணர்த்துவாரும் இலர்.

இக்கருத்தின் பொருத்தத்தை நம் காலம் நன்கு காட்டுகின்றது. கையடக்கத் தொலைபேசியை ஏந்தியிருக்கும் மாணவன் சோம்பியிருப்பவன் அல்லன். அவன் விரலும் கண்ணும் ஓயாது தொழிற்படுகின்றன. ஒன்றன்பின் ஒன்றாய் வரும் சிறு மகிழ்ச்சிகள் அவனைத் தான் எடுத்த புத்தகத்தினின்று பிரித்துக் கொண்டுபோகின்றன. செய்தி பெருகும் இடத்திற் கவனம் வறுமையுறும் என்னும் கருத்தினைப் பொருளியலறிஞர் ஹேர்பேட் சைமன் 1971இல் வெளியிட்டார். அவ்வறுமை துன்பமாய் வாராது இன்பமாய் வருமென்பது வள்ளுவர் முன்னரே கண்ட நுட்பமாகும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். நூறு பொருளில் ஒருங்கே மனஞ் செலுத்தும் சதாவதானத்தை நம் முன்னோர் போற்றினரன்றோ? புலோலியூர் நா. கதிரைவேற்பிள்ளை அவ்வாற்றலாற் சதாவதானி எனப் பெயர் பெற்றாரன்றோ? அவ்வாறிருக்கப் பலவற்றில் மனஞ் செலுத்துதலைக் குறைகூறுதல் எங்ஙனம் பொருந்தும் எனின், கூறுதும். அவதானியார் ஒன்றைக் கேட்டபின் மற்றொன்றைக் கேட்பினும், முன்னதை விடுவதில்லை. இறுதியில் அனைத்துக்கும் விடை தருகின்றார். தொலைபேசியின் முன் இருப்பவனோ, பின்னது வர முன்னதை இழக்கின்றான். முன்னையது பொச்சாவாமையின் உச்சம். பின்னையது பொச்சாப்பின் பெருக்கம். எண்ணிக்கை ஒன்றாயிருத்தல் பற்றி இரண்டையும் ஒன்றெனல் பொருந்தாது.

அதிகாரத்தின் இறுதிக் குறள் நுணுகி நோக்கற்பாலது. நினைத்ததை எய்துதல் எளிது, அதனையே மீட்டும் நினைக்கப்பெறின், என்பது அதன் கருத்து. எளிது என்றமையின் வள்ளுவர் மிகைபடக் கூறினார் எனச் சிலர் கருதலாம். ஆண்டு நின்ற ‘மன்’ என்னும் இடைச்சொல்லை ஒழியிசையாகக் கொள்ளின், அங்ஙனம் நினைக்கப்பெறுதல் அரிது என்பது சொல்லாமற் சொல்லப்பட்டதாகும். எய்துதலில் இருந்த அருமையை ஆசிரியர் நினைத்தலுக்கு மாற்றிவைத்தாரேயன்றி, அதனை மறைத்தாரல்லர். ‘மற்றும்’ என்ற சொல்லே இக்குறளின் உயிர். மனம் விலகுதல் இயல்பு. விலகியதை மீட்டும் மீட்டும் கொணர்தலே பயிற்சி. 1890இல் வெளிவந்த உளவியற் பெருநூலில் வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரும், அலையும் கவனத்தை மீட்டும் மீட்டும் திருப்பும் ஆற்றலை வளர்ப்பதே தலைசிறந்த கல்வி என்றார். அதற்கு வழிகூறுதல் எளிதன்று என்றும் ஒப்புக்கொண்டார். வள்ளுவரும் வழியை விரித்துரைத்தாரல்லர். மகிழ்ந்து மைந்துறும்போது, அவ்வாறு மகிழ்ந்து கெட்டாரை நினைக்க என்ற ஒன்றையே கூறியமைந்தார். இஃது இவ்வதிகாரத்தின் குறையெனின், யாம் மறுக்கமாட்டோம்.

ஆயினும் அவர் கூறாத வழியினும், இவ்வதிகாரத்தை வைத்த இடம் பெரிது. சுற்றந்தழாலுக்குப் பின்னும் செங்கோன்மைக்கு முன்னும் இதனை வைத்தனர். அரசியலுள் வைத்தமையின் அரசனுக்கே உரியதென்று ஒதுக்குதல் சாலாது. வகுப்பறையில் ஆசிரியரும், இல்லத்திற் பெற்றோரும், நோயாளர் பக்கலில் மருத்துவரும் தத்தமக்குரிய சிறு நாட்டை ஆள்பவரே. அவர் கவனம் தவறுமிடத்து இழப்பெய்துபவர் பிறர். இதனாலன்றோ, யாரிடத்தும் எக்காலத்தும் வழுவாதிருத்தலுக்கு ஒப்பானது பிறிதில்லை என்றார் ஆசிரியர். ஈண்டு ‘யார்மாட்டும்’ என்ற சொல் கவனத்தைத் தன்னலத்தினின்று பிரித்து அறத்தின்பாற் சேர்க்கின்றது.

ஆதலின், மாணாக்கர் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது பன்முறை விலகிய மனத்தைப் பன்முறையும் மீட்டுக் கொணர்வாராயின், அது தேர்வுக்கு மட்டும் ஆயத்தமாதல் அன்று. பிற்காலத்தில் ஒருவர் தம்முன் அமர்ந்து தம் துயரைக் கூறுங்கால், இடையில் நழுவாது இறுதிவரை கேட்டற்கும் அதுவே பயிற்சியாகும். அங்ஙனம் கேட்பாரைப் பெற்ற வீடும் நாடும் நலம்பெறும்.