கபாலி டீசரில் காதில் விழாத பாதி

டீசருக்கும் டிரெய்லருக்கும் என்ன வித்தியாசம், ஒன்று குட்டை, இன்னொன்று நெட்டை, அவ்வளவுதானே என்று சொல்பவர்கள் உண்டு. நீளத்தை வைத்துப் பார்த்தால் சரிதான். டீசர் ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும்; டிரெய்லர் இரண்டு, இரண்டரை நிமிடம் ஓடும். ஆனால் இரண்டின் வேலையும் வேறு. டிரெய்லர் பெரும்பாலும் படம் முடிந்து, வெளியீடு நெருங்கும்போது வரும். நாயகன் யார், யாரோடு அவனுக்குப் பிரச்சினை, எந்த ஊர்க் கதை என்று கொஞ்சமாவது அது சொல்லியாக வேண்டும். டீசருக்கு அந்தக் கடமை கிடையாது. 2020 நவம்பர் 7, கமல்ஹாசன் பிறந்தநாளன்று வந்த 'விக்ரம்' அறிவிப்பு டீசரில் அவர் ஆயுதங்களை ஒளித்து வைக்கிறார், சமைக்கிறார், வாழையிலையில் விருந்து பரிமாறுகிறார். படம் வந்ததோ 2022 ஜூனில். கதையைப் பற்றி அந்த டீசரில் ஒன்றுமே இல்லை. ஆசையைக் கிளப்பிவிட்டால் போதும்.

கிளப்பிவிட்ட ஆசைக்கு யார் விலை கொடுப்பது? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு 'கபாலி'தான் ஞாபகத்துக்கு வரும். 2016 மே 1 அன்று அதன் டீசர் வந்தது. கோட்டு சூட்டு, நரைத்த தாடி, அந்த நடை, சந்தோஷ் நாராயணன் இசை, ஒரு "கபாலிடா", ஒரு "மகிழ்ச்சி". ஜூலை 22 அன்று படம் வந்தபோது, அந்த ஒரு நிமிடத்தையே இரண்டரை மணி நேரத்துக்கு இழுத்துக் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் நிறைய. பா. ரஞ்சித் காட்டியது வேறு. இருபத்தைந்து வருடச் சிறைக்குப் பிறகு மனைவியைத் தேடிப் போகும் ஒரு வயதான மனிதர், தோட்டத் தொழிலாளர்களின் கூலிப் போராட்டம், குண்டர் கும்பலில் விழுந்த பிள்ளைகளை மீட்க ஒரு பள்ளி. "படம் ஸ்லோ", "மாஸ் பத்தல" என்று தீர்ப்பு வந்துவிட்டது.

டீசர் பொய் சொன்னதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த வசனத்தை மறுபடி கேட்டுப் பாருங்கள். பழைய படங்களில் நம்பியார் கூப்பிட்டதும் லுங்கியோடு வந்து குனிந்து நிற்பானே, அந்தக் கபாலி நான் இல்லை என்கிறார். அடியாளுக்கென்றே ஒதுக்கி வைத்த பெயரை நிமிர்ந்து நின்று சொல்கிற பேச்சு அது. கோட்டு சூட்டும் அப்படித்தான். காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட்டு போட்டதற்கும் காரணம் உண்டு என்று படத்தில் கபாலியே சொல்கிறார். டீசரில் இதெல்லாம் வெறும் தோரணையாகிவிட்டது. வசனத்தின் முன்பாதி காற்றில் போய்விட, கடைசிச் சொல் மட்டும் டீ-சட்டைகளில் ஏறியது.

நம் தோட்டத்து வாழ்க்கை பெரிய பட்ஜெட் தமிழ்ப் படத்துக்குள் வருவதே அபூர்வம். வந்த அன்றைக்கும் 'எப்போ சண்டை வரும்' என்று காத்திருந்த கண்களுக்கு அது இடைஞ்சலாகத் தெரிந்தது. படத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தோட்டப் போராட்டம் முன்கதையாக அவசரமாகக் கடந்து போகிறது. நாசரின் தமிழ்நேசன் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். டோனி லீ வழக்கமான வில்லன்தான். பேசியிருக்க வேண்டிய குறைகள் இவை. ஆனால் பேச்செல்லாம் டீசர் அளவுக்குப் படம் இல்லையே என்பதிலேயே நின்றுவிட்டது.

டிரெய்லரின் தேவை இங்கேதான் புரிகிறது. டீசர் ஏற்றிவிட்ட சூட்டைக் கொஞ்சம் தணித்து, 'இது இந்த மாதிரி படம், யோசித்து வாங்க' என்று சொல்வது அதன் நேர்மை. இப்போது நட்சத்திரப் படங்களில் டிரெய்லரும் நீண்ட டீசராகத்தான் இருக்கிறது. கதை தெரிந்தால் முதல் நாள் கூட்டம் குறைந்துவிடுமோ என்ற பயம். வியாபாரிக்கு அந்தப் பயம் நியாயம். விமர்சனம் எழுதுகிறவருக்கு அதில் பங்கு தேவையில்லை.

'கபாலி'யை இன்னொரு முறை முழுசாகப் பாருங்கள். பிறகு அந்த டீசரைப் போட்டு, நம்பியார் பெயர் வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள்.