சாவி கையில் இருந்தும் தோற்ற ஒனோடெரா

இவ்வளவு முன்னிலையோடு களமிறங்கி ஒருத்தி தோற்க முடியுமா? ‘நிசேகோய்’ மங்காவின் நாயகிகளில் ஒருத்தியான கோசாகி ஒனோடெரா தோற்றிருக்கிறாள். மங்கா 2016இலேயே முடிந்துவிட்டதால், முடிவைப் போட்டு உடைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

யகூசா என்னும் ஜப்பானிய நிழலுலகக் கும்பலின் தலைவரின் மகன் ராக்கு, பத்து வருடங்களுக்கு முன் ஒரு சிறுமிக்கு வாக்குக் கொடுத்தவன். பூட்டிய பதக்கம் அவன் கழுத்தில், சாவி அவளிடம். அவள் யாரென்றுதான் மறந்துவிட்டது. இப்போது மனம் முழுக்க வகுப்புத் தோழி ஒனோடெரா. ஆனால் கோஷ்டிச் சண்டை மூளாமலிருக்க, எதிரணித் தலைவரின் மகள் சிடோகேயின் காதலனாக மூன்று வருடம் நடித்தாக வேண்டும்.

ஒனோடெராவும் அவனை நடுநிலைப் பள்ளியிலிருந்தே விரும்புகிறாள், அவள் கையிலும் ஒரு சாவி. அப்புறம் என்ன? பேச வாய் எடுப்பாள், முகம் சிவக்கும், யாராவது குறுக்கே வருவார்கள். தோழி ரூரி பிடித்துத் தள்ளினாலும் கிரீஸை விட்டு இறங்க மாட்டாள். பழைய நினைவு தன் பக்கம் இருப்பதாக நம்புகிறவர்களுக்கு ரன் எடுக்கும் அவசரம் வருவதில்லை.

சிடோகே அப்படியல்ல. மதில் தாண்டிக் குதிக்கும்போதே ராக்குவின் முகத்தில் முழங்காலை இறக்கியவள். அந்த மோதலில் தொலைந்த பதக்கத்தை முணுமுணுத்தபடி தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பவளும் அவளே. பழைய காதலின் அடையாளத்தை மீட்டுத் தருவது புது வரவு! ஷாஃப்ட் ஸ்டுடியோ 2014இல் தந்த அனிமேயில் ஆட்டம் திரும்பும் இடம் இது. ஆரம்பத்திலேயே வந்துவிடுவதால் பலர் கவனிப்பதில்லை. பிறகு தினமும் சண்டை, சமாதானம், ஒற்றை ஒற்றை ரன்கள். ஒனோடெரா முன் ராக்கு எப்போதும் நல்ல பிள்ளை. சிடோகேயிடம் மட்டும் தானாக இருக்கிறான்.

குரல் நடிப்பிலும் இதே கதைதான். கானா ஹனசாவா ஒனோடெராவின் பாதி வாக்கியங்களை மூச்சிலேயே கரைக்கிறார். நாவோ டோயாமா கத்தலிலிருந்து தணிந்த குரலுக்கு இறங்கும் இடங்களில் சிடோகே நம்மை வளைத்துவிடுகிறாள்.

சாவி வைத்திருக்கும் பெண்களைப் பெருக்கிக்கொண்டே போனது மங்காவைப் படைத்த நவோஷி கோமியின் நேரங்கடத்தல். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் வாக்குப் பெற்ற சிறுமி ஒனோடெராதான் என்று உறுதி செய்துவிட்டு, ராக்குவை சிடோகேயிடம் அனுப்பினாரே, அது துணிச்சலான தீர்ப்பு. சிடோகேயையே அந்தச் சிறுமியாக்கி எளிதில் தப்பித்திருக்கலாம்.

இரண்டு பருவங்களோடு நின்றுபோன தொலைக்காட்சித் தொடரில் இந்தத் தீர்ப்பு வரவே இல்லை. அதை மட்டும் பார்த்த ஒனோடெரா ரசிகர்கள் இன்னும் நாட் அவுட் என்றே வாதாடலாம்.