மஞ்சள் மை

ஃபவுண்டன் பேனாவுக்கு மஞ்சள் இங்க் வாங்கினேன் என்றதும் நண்பர் கேட்டார்: "யாருக்கு சார் மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறீங்க?"

பாட்டிலில் மாம்பழச் சாறு மாதிரி ஜம்மென்று இருக்கிறது. மெல்லிய நிப்பில் எழுதினால் பகலில், ஜன்னலோரம், படிக்கலாம். ராத்திரி குண்டு பல்பைப் போட்டேன். பாதிப் பக்கம் காணோம்! மஞ்சள் மை விழுங்குவது வெளிச்சத்தில் இருக்கும் நீலத்தை மட்டும். அந்த பல்பில் நீலமே சொற்பம். பிறகு தாளுக்கும் எழுத்துக்கும் என்ன வித்தியாசம் தெரியும்?

பட்டை நிப் தேவலை. அச்செழுத்தின் மேல் கோடிழுக்க ஜோர். (ஜெர்மனியின் பெலிகன் கம்பெனி இதற்கென்றே அகல நிப் வைத்து ஒரு பேனா விட்டது.) ஆனால், நீல மையில் எழுதியதன் மேல் இழுத்துவிடாதீர்கள். நீலம் கரைந்து நிப்பில் ஏறி, அடுத்த நாலு வரி பச்சை. திடீர் கெஜட்டட் ஆபீசர் ஆகிவிடுவீர்கள்.

இதையெல்லாம் கண்டுபிடிப்பதற்கு முன்னால், ஊரிலிருக்கும் அம்மாவுக்கு இந்த மையில் இரண்டு பக்கம் எழுதிப் போட்டிருந்தேன். போன் வந்தது. "ஏண்டா, கவருக்குள்ள வெறுந்தாளை வெச்சு அனுப்பியிருக்கே?"

அம்மாவுக்குக் கண்புரை. புரை விழுந்த லென்ஸ் பழுத்து மஞ்சளாகி, அதுவும் நீலத்தைத்தான் தடுக்கும். பட்டப்பகலிலேயே அவருக்குக் குண்டு பல்பு வெளிச்சம்தான்.

அதே இரண்டு பக்கத்தை நீலத்தில் மறுபடி எழுதினேன். கொஞ்சம் பெரிய எழுத்தாக.