குலமுறை கிளத்தலும் கையறுநிலையும்: ஜூடித் ரைட்டின் இரு குடும்ப வரலாறுகள்

முன்னுரை

தம் முன்னோரின் வரலாற்றை ஓர் எழுத்தாளர் நூலாக்குவது உலக இலக்கியத்தில் புதிதன்று. ஆயின், ஒருமுறை எழுதி முடித்த வரலாற்றை இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அவரே மீண்டும் எழுத முற்படுவது அரிதாகும். ஆஸ்திரேலியக் கவிஞர் ஜூடித் ரைட் (1915–2000) அவ்வாறு செய்தவர். 1959இல் வெளிவந்த ‘தி ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்’ (மாந்தர் தலைமுறைகள்), 1981இல் வெளிவந்த ‘தி க்ரை ஃபார் தி டெட்’ (இறந்தோர்க்கான ஓலம்) ஆகிய இரு நூல்களும் ஒரே குடியேற்றக் குடும்பத்தைப் பற்றியவை. ஒரே நாட்குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டவை. எனினும், ஒன்றைப் படித்தபின் மற்றதைப் படிப்போர்க்கு அவை வெவ்வேறு நாடுகளைப் பற்றியனவோ என்னும் ஐயம் எழுதல் கூடும்.

முதல் நூல் அறியாமையின் விளைவு, இரண்டாம் நூல் அதன் திருத்தம் என்பது எளிதில் எழும் முடிவாகும். அம்முடிவு போதாது என்பதே நம் கருத்து. முதல் நூலை எழுதுங்காலத்தில் ஆசிரியர் உண்மையை அறியாதவர் அல்லர். அவர் தேர்ந்துகொண்ட இலக்கிய வடிவத்தில் அவ்வுண்மைக்கு இடமில்லாமற் போயிற்று. இக்கருத்தினை இரு நூல்களின் அமைப்பையும் ஒப்புநோக்கி நிறுவ இக்கட்டுரை முற்படுகின்றது.

குடும்பமும் நிலமும்

நூல்களைப் புரிந்துகொள்ளக் குடும்பப் பின்னணியைச் சுருங்கக் காண்பது தேவையாகின்றது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆர்மிடேல் நகரை அடுத்த மேய்ச்சற்பண்ணைக் குடும்பமொன்றில் 1915 மே 31ஆம் நாள் ஜூடித் ரைட் பிறந்தார். அக்குடும்பக் கொடிவழியில் முன்னிற்பவர்களுள் ஒருவர் ஜார்ஜ் விண்டாம். இங்கிலாந்திலிருந்து 1827இல் வந்த அவர், ஹண்டர் பள்ளத்தாக்கில் டால்வுட் என்னும் பண்ணையை நிறுவித் திராட்சையும் பயிரிட்டார். பின்வந்தோர் புதிய மேய்ச்சல் நிலம் நாடி வடக்கே சென்றனர். ஜூடித்தின் தந்தைவழிப் பாட்டனார் ஆல்பர்ட் ரைட், நடுக் குவீன்ஸ்லாந்தின் டாசன் ஆற்றுப் பகுதியில் நுலால்பின் என்னும் பண்ணையை நடத்தியவர். வறட்சியும் கடனும் அவரை நெருக்கின. பின்னர்க் குடும்பம் நியூ இங்கிலாந்து மேட்டுநிலத்திலுள்ள வொங்விபிண்டா பண்ணைக்கு இடம்பெயர்ந்தது. 1890இல் ஆல்பர்ட் மறைந்தார். கைம்பெண்ணான அவர்தம் மனைவி மே, பிள்ளைகளையும் வளர்த்துப் பண்ணையையும் காத்துப் பெருக்கினார்.

ஆல்பர்ட் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளும் மே தம் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளும் பெயர்த்தியின் கைக்கு வந்து சேர்ந்தன. அவையே முதல் நூலின் விதையாயின.

அக்காலத்து நிலமுறையையும் ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ‘ஸ்குவாட்டர்’ எனப்பட்ட மேய்ச்சற்பண்ணையர், ஆங்கில அரசு தனதென அறிவித்துக்கொண்ட பெருநிலப் பரப்புகளில் முதலில் உரிமமின்றிக் கால்நடைகளை ஓட்டிச் சென்றனர். பிறகு அவற்றுக்குக் குத்தகை பெற்றனர். அந்நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவந்த முதுகுடி மக்களுக்கு அதன்மீது உரிமை உண்டு என்பதைச் சட்டம் ஏற்கவில்லை. எவர்க்கும் உரியதல்லாத நிலம் என்னும் அக்கோட்பாட்டை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992 ஜூன் 3ஆம் நாள் மாபோ வழக்கில்தான் தள்ளியது. எனவே, ஜூடித் ரைட் இவ்விரு நூல்களையும் எழுதியபோது, முன்னோரின் நிலவுரிமை சட்டத்தின் பார்வையில் வினாவுக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது.

முதல் நூல்: குலமுறை கிளத்தல்

கம்பராமாயணப் பாலகாண்டத்தில் குலமுறை கிளத்து படலம் என ஒரு படலம் உண்டு. சனகன் அவையில் விசுவாமித்திர முனிவர் இராமனின் குலத்து முன்னோரை வரிசைப்படுத்திக் கூறுகின்றார். அக்கூற்று வெறும் செய்தியன்று. மணமகனின் தகுதிக்கு அளிக்கப்படும் சான்று. குலமுறை கிளத்தல் எப்போதும் ஓர் உரிமையை நாட்டும் செயலாகவே அமைகின்றது. முன்னோர் இன்னின்ன செய்தனர்; ஆதலால் வழிவந்தோர்க்கு இன்னது உரியது என்பதே அதன் உள்ளீடு.

‘மாந்தர் தலைமுறைகள்’ இத்தகையதோர் அமைப்பையே கொண்டுள்ளது. நாவலைப் போன்ற நடையில், ஆல்பர்ட், மே ஆகியோரின் உள்ளத்துள் புகுந்து அவர்தம் எண்ணங்களை ஆசிரியர் விரித்துரைக்கின்றார். மழை பொய்த்த ஆண்டுகள், மடிந்த கால்நடைகள், வங்கிக்குக் கட்ட வேண்டிய கடன், தனிமை, நோய், ஆல்பர்ட்டின் அகால மறைவு, மேயின் மனத்திண்மை என நூல் நகர்கின்றது. துன்பப்பட்டு உழைத்தோர் நிலத்தைத் தமதாக்கிக்கொண்டனர் என்னும் உணர்வு படிப்போர் நெஞ்சில் இயல்பாகவே படிகின்றது. குறிப்பாக, மேயின் படைப்பு மறக்கவொண்ணாதது. ஆடவர் பெயராலேயே வழங்கிவந்த குடியேற்றக் கதையில் பண்ணை நடத்திய பெண்ணொருத்தியை நடுவில் நிறுத்தியது இந்நூலின் தனிச்சிறப்பு எனலாம்.

முதுகுடி மக்கள் இந்நூலில் இல்லாமல் இல்லை. பண்ணையில் மாடு மேய்ப்போராகவும் ஏவலராகவும் அவர்கள் வருகின்றனர். மேலும், அவர்களுக்கு இழைத்த தீங்கினால் வெள்ளையர் நெஞ்சில் குற்றவுணர்வு புண்ணாகியுள்ளது என்றும், அப்புண்ணை ஏற்படுத்தியவர்கள் என்பதாலேயே அவர்களை வெள்ளையர் மன்னிக்க இயலாதிருக்கின்றனர் என்றும் பொருள்படும் சிந்தனையொன்றை ஆசிரியர் ஆல்பர்ட்டுக்கு உரியதாக்குகின்றார். 1959இல் இவ்வாறு எழுதியது துணிவான செயலே. ஆயினும், அச்சிந்தனை எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பது நோக்கத்தக்கது. அது பாட்டனாரின் மனச்சுமையாக, அவர்தம் பண்பினை உயர்த்திக் காட்டும் ஒரு கூறாக அமைந்துவிடுகின்றது. மாண்டவர் துயரம் கொண்டவரின் அகப்போராட்டமாக மாற்றம் பெறுகின்றது.

இஃது அறியாமையன்று என்பதற்குச் சான்று ஆசிரியரின் கவிதைகளிலேயே உள்ளது. 1946இல் வெளிவந்த ‘தி மூவிங் இமேஜ்’ என்னும் அவரது முதற் கவிதைத் தொகுப்பில், கைவிடப்பட்ட முதுகுடிச் சடங்குக் களமொன்றைப் பற்றிய கவிதையும், நியூ இங்கிலாந்துப் பாறைமுனை ஒன்றிலிருந்து முதுகுடி மக்கள் வீழ்த்திக் கொல்லப்பட்டதைப் பற்றிய கவிதையும் உள்ளன. அப்பாறைமுனைச் செய்தியை அவர் தம் தந்தையார் வாயிலாகக் கேட்டறிந்தவர். கவிஞர் 1946இல் பாடியதைக் குடும்ப வரலாற்றாசிரியர் 1959இல் நடுவில் வைக்க இயலவில்லை. ஏன்? தன்னுணர்ச்சிப் பாடலில் ஒரு கணத்துத் துயரைக் கூறிவிடலாம். குலமுறை கிளத்தலிலோ ஒவ்வொரு நிகழ்ச்சியும் குலத்தின் கணக்கில் வரவாகவோ செலவாகவோ எழுதப்பட்டாக வேண்டும். குலத்துக்கு வெளியே நிற்போர்க்கு அக்கணக்கில் ஏடு இல்லை.

இரண்டாம் நூல்: எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்

‘இறந்தோர்க்கான ஓலம்’ தோன்றிய 1981க்குள் ஆஸ்திரேலிய அறிவுலகம் பெரிதும் மாறியிருந்தது. மானிடவியலர் ஸ்டேனர் 1968இல் ஆற்றிய வானொலிச் சொற்பொழிவுகளில், முதுகுடியினர் பற்றி நாட்டு வரலாற்று நூல்கள் காத்த மௌனத்தைச் சுட்டிக் கண்டித்தார். ஜூடித் ரைட்டின் வாழ்விலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. முதுகுடிக் கவிஞர் ஊஜெரூ நூனுக்கலின் (அந்நாளில் கேத் வாக்கர்) முதற் கவிதைத் தொகுப்பு 1964இல் வெளிவரத் துணைநின்ற அவர், அவருடன் நெடுநாள் நட்புக் கொண்டிருந்தார். முதுகுடியினரோடு அரசு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும் எனக் கோரி 1979இல் அமைந்த குழுவிலும் அவர் உறுப்பினரானார். இந்நட்பும் பணியும் பழைய நாட்குறிப்புகளை மீண்டும் திறக்கச் செய்தன எனலாம்.

இரண்டாம் நூலின் முதன்மையான மாற்றம் நடையில் உள்ளது. பாட்டனாரின் உள்ளத்துள் புகும் உரிமையை ஆசிரியர் இம்முறை கைவிடுகின்றார். நாட்குறிப்பு கூறுவதை அரசு ஆவணங்கள், செய்தித்தாள்கள், பிற குடியேறிகளின் எழுத்துகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு அடக்கமான உரைநடையில் எழுதிச் செல்கின்றார். ஹண்டர் பள்ளத்தாக்கிலிருந்து டாசன் ஆற்றுவெளி வரை மந்தைகள் நகர்ந்த வழியே நூலின் வழியாகின்றது. குடும்பம் இங்குக் கதைத்தலைமையை இழக்கின்றது. வாட்ஜா முதலிய முதுகுடிகள் வாழ்ந்த நிலத்தின் அழிவே கதையாகின்றது. குளம்பு பட்டு இறுகிய மண்ணும், மாறிப்போன புல்வெளியும், கெட்டுப்போன நீர்நிலைகளும் அந்த அழிவின் பகுதிகளாகப் பேசப்படுகின்றன. சுற்றுச்சூழல் காப்புக்காக 1962 முதல் இயக்கம் நடத்திய ஆசிரியர்க்கு நிலத்தின் அழிவும் மக்களின் அழிவும் இரண்டல்ல.

அப்பகுதியின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் குறிப்பிடத்தக்கவை. 1857 அக்டோபர் 27ஆம் நாள் டாசன் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள ஹார்னெட் பேங்க் பண்ணையில் யீமன் மக்கள் தாக்கியதில் குடியேறிகள் தரப்பில் 11 பேர் இறந்தனர். 1861 அக்டோபர் 17ஆம் நாள் நொகோவா ஆற்றுப் பகுதியிலுள்ள கல்லின்-லா-ரிங்கோ பண்ணையில் 19 பேர் கொல்லப்பட்டனர். இவ்வெண்களில் ஐயமில்லை, இறந்தோரின் பெயர்களும் அறியப்பட்டவை. இவற்றுக்குப் பழிவாங்கக் குடியேறிகளும் சுதேசிக் காவற்படையும் கொன்ற முதுகுடியினரோ எண்ணப்படவில்லை. வெள்ளை அதிகாரிகளின்கீழ்ப் பிற பகுதி முதுகுடி இளைஞரைச் சேர்த்து அமைக்கப்பட்ட அப்படை, தன் அறிக்கைகளில் கொலை என்னும் சொல்லைப் பெரும்பாலும் தவிர்த்தது. ‘கலைத்தல்’ என்னும் சொல்லையே ஆண்டது. கூட்டத்தைக் கலைத்தோம் என்றால் சுட்டுக் கொன்றோம் என்பது அக்காலத்தார் அனைவரும் அறிந்த பொருள்.

ஆவணங்களின் இச்சொல்வழக்கை உணர்ந்தே இரண்டாம் நூலைப் படித்தல் வேண்டும். நாட்குறிப்பிலும் அறிக்கையிலும் எழுதப்பட்ட சொல்லையும் எழுதப்படாது விடப்பட்ட இடத்தையும் ஒருங்கே படிக்கக் கற்பிப்பது இந்நூலின் பெரும்பயன் என்பது நம் மதிப்பீடு.

யார் பாடும் கையறுநிலை?

தலைவனை இழந்தோர் செயலற்றுப் பாடுவதைத் தமிழ் இலக்கணம் கையறுநிலை என்னும். புறநானூற்றில் பாரி மகளிர் பாடிய பாடல் இத்துறைக்குரியது. தந்தையையும் குன்றையும் ஒருங்கே இழந்தோரின் பாடல் அது. நிலமும் உறவும் ஒருசேரப் போன துயரம் என்பதால், ‘இறந்தோர்க்கான ஓலம்’ என்னும் நூற்பெயரைக் கண்டதும் தமிழ் படித்தோர்க்கு அப்பாடல் நினைவுக்கு வருதல் இயல்பே.

ஆனால், ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. பாரி மகளிர் இழந்தோர். ஜூடித் ரைட்டோ குன்றைக் கொண்டோரின் பெயர்த்தி. 1991இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்புக்கு அவர் ‘பார்ன் ஆஃப் த காங்கரர்ஸ்’ (வென்றோர்க்குப் பிறந்தவர்) எனப் பெயரிட்டது இத்தெளிவினால்தான். கொண்டோர் வழிவந்தவர் இழந்தோரின் குரலில் பாடினால், நிலத்தைக் கொண்டதுபோல் துயரத்தையும் கொண்டதாகிவிடும். இந்த இடரை அவர் உணர்ந்திருந்தார் என்பதை நூலின் அமைப்பே காட்டுகின்றது. பாட்டனாரின் மனத்துள் புகாமை போலவே முதுகுடியினரின் மனத்துள்ளும் அவர் புகவில்லை.

இவ்விடத்தில் நூலின் குறையொன்றையும் கூறுதல் வேண்டும். ஆதாரங்கள் பெரும்பாலும் குடியேறிகள் எழுதியவையே. ஆகவே முதுகுடியினர் பெரிதும் அழிவுறுவோராகவே காட்சியளிக்கின்றனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர், தம் நிலத்தைத் தம் மொழியில் பேசுகின்றனர் என்னும் உணர்வு வாசகர்க்குப் போதிய அளவு கிட்டவில்லை. ஓலம் என்னும் வடிவம் இறந்தோரை நோக்குவது. இருப்போரை நோக்க அதற்கு வேறு துணை வேண்டும். அத்துணை முதுகுடியினர் தாமே எழுதிய நூல்களாகவே இருத்தல் இயலும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரண்டாம் நூல் முதல் நூலை நீக்கிவிடவில்லை என்பது தெளிவாகின்றது. மேயின் உழைப்பும் ஆல்பர்ட்டின் துயரமும் மெய்யானவை. இரண்டாம் நூலின் கடுமை நமக்கு உறைப்பதும் அவர்களை முன்னமே அறிந்து நேசித்தமையால்தான். கொடியோர் மட்டுமே கொடுமை செய்தனர் எனில் வரலாறு எளிதாகிவிடும். கடன்பட்டு, நோயுற்று, பிள்ளைகளைப் பேணி வாழ்ந்த நல்லோரும் பிறர் நிலத்தின்மீது நின்றே அவற்றைச் செய்தனர் என்பதை இரு நூல்களும் சேர்ந்தே உணர்த்துகின்றன. ஒன்றை மட்டும் படிப்போர் பாதியையே பெறுவர்.

ஜூடித் ரைட் 2000 ஜூன் 25ஆம் நாள் மறைந்தார். அதற்குச் சில வாரங்கட்கு முன், கேன்பராவில் நடைபெற்ற நல்லிணக்க ஊர்வலத்தில் முதிய வயதிலும் அவர் கலந்துகொண்டார். அவர் எழுப்பிய வினா இன்னும் முடியவில்லை. முதுகுடியினர்க்கு நாடாளுமன்றத்தில் குரலளிக்கும் அமைப்பொன்றை அரசமைப்பில் சேர்க்கும் முன்மொழிவை, 2023 அக்டோபர் 14ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மறுத்தனர்.

குடும்ப வரலாறு எழுதுமாறு மாணவரைப் பணிக்கும் ஆசிரியர்க்கு இந்நூல்கள் பயன்மிக்கவை. பாட்டன் பாட்டியர் பட்ட பாட்டினைக் கேட்டெழுதச் சொல்கின்றோம், அது நன்று. அவர்கள் கால் ஊன்றிய இடத்தில் முன்னர் நின்றவர் யார் என்னும் வினாவையும் அத்துடன் சேர்த்துக் கொடுத்தல் தகும். தம் குடும்பத்தின் மீதுள்ள அன்பு குறையாமலேயே அவ்வினாவைக் கேட்க இயலும் என்பதற்கு ஜூடித் ரைட் எழுதிய இரு நூல்களும் சான்றாகின்றன.