பெயருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை: கிராபிக்ஸ் அட்டைச் சந்தையும் விளையாட்டாளர் சினமும்

ஏகபோகம் என்றதும் விலையேற்றமும் பதுக்கலுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. நுகர்வோன் தெரிவு செய்யும் வழிகளை ஓசையின்றி அடைப்பதும் அதன் இயல்பேயாகும். கணனி விளையாட்டுக்களுக்கான கிராபிக்ஸ் அட்டைச் சந்தையில் 2018ஆம் ஆண்டு எழுந்த சர்ச்சை இதற்குத் தக்க சான்றாக அமைகின்றது.

இச்சந்தையின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். அட்டையின் உயிர்நிலையான சில்லை வடிவமைக்கும் நிறுவனங்கள் மிகச் சிலவே. 2000ஆம் ஆண்டின் இறுதியில் 3டிஎஃப்எக்ஸ் தனது முக்கிய உடைமைகளை என்விடியாவுக்கு விற்க உடன்பட்டது; 2006இல் ஏ.ரி.ஐ. நிறுவனத்தை ஏ.எம்.டி. வாங்கியது. 2022இல் இன்ரெல் தன் ஆர்க் அட்டைகளுடன் வரும்வரை விளையாட்டாளர் முன் இருந்த தெரிவு பெரும்பாலும் இவ்விரண்டே. எனினும் கடையில் அவர் வாங்கும் அட்டையைச் செய்து விற்பவை ஆசூஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைற் போன்ற பங்காளி நிறுவனங்களாம். இவை இரு தரப்புச் சில்லுகளையும் தத்தம் வணிகப் பெயரின் கீழ் விற்றுவந்தன.

2018 மார்ச் மாதத்தில் என்விடியா 'ஜீஃபோர்ஸ் பங்காளித் திட்டம்' ஒன்றை அறிவித்தது. வாங்குபவர் தாம் எதை வாங்குகின்றார் என்பதைத் தெளிவாக அறியச் செய்வதே அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. சில நாட்களில் ஹார்ட்ஓசிபி தளம் வெளியிட்ட செய்தியோ வேறொன்றை உணர்த்திற்று. திட்டத்தில் சேரும் பங்காளியின் விளையாட்டுக்குரிய வணிகப் பெயர் ஜீஃபோர்ஸுக்கு மட்டுமே உரித்தாதல் வேண்டும் என்பது நிபந்தனை என அச்செய்தி கூறியது. ஏப்ரலில் ஆசூஸ் தனது ரேடியன் அட்டைகளுக்கு 'ஆரெஸ்' எனும் புதுப் பெயரைச் சூட்டியபோது ஐயம் வலுத்தது. விளையாட்டாளரின் கண்டனம் பெருகிற்று. தவறான தகவல்களோடு போராட விரும்பவில்லை எனக் கூறி, மே 4ஆம் திகதி என்விடியா திட்டத்தைக் கைவிட்டது.

பெயரை மாற்றுவதால் சில்லின் வேகம் குறைவதில்லையே. பின் சினம் ஏன் எனக் கேட்கலாம். வணிகப் பெயர் என்பது பல ஆண்டுகளாகத் திரண்ட நம்பிக்கை. குளிர்விக்கும் அமைப்பின் தரம், உத்தரவாதம், பழுது நேர்ந்தபோது கிடைத்த கவனிப்பு ஆகியவற்றின் மொத்த நினைவு அதில் உறைந்துள்ளது. இரு தரப்புச் சில்லுகளின் விற்பனையாலும் வளர்ந்த அச்சொத்தை ஒரு தரப்புக்கே உரித்தாக்கினால், மறுதரப்பின் அட்டை அதே கடையில் முன்பின் அறியாத பொருளாய் நிற்க நேரும். தெளிவு எனும் சொல்லும் இங்கு பொருந்துவதாயில்லை. 4 ஜிகாபைற் நினைவகத்துடன் விற்கப்பட்ட ஜி.ரி.எக்ஸ். 970 அட்டையில் இறுதி அரை ஜிகாபைற் மிக மெதுவாக இயங்குவது என்பதை வாங்கியோர் அறிந்தது 2015 ஜனவரியிலேதான்.

விளையாட்டாளர் நிலைப்பாடும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. அவருட் பலர் பச்சை அணி, சிவப்பு அணி எனப் பிரிந்து, தம் அணி செய்வதைப் பொறுத்து மறு அணி செய்வதையே சாடுகின்றனர். 2023இல் ஏ.எம்.டி.யின் கூட்டுடன் வந்த 'ஸ்ரார்ஃபீல்ட்' விளையாட்டில் என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். வசதி தொடக்கத்தில் இடம்பெறாதபோது அணிகள் இடம்மாறி வாதிட்டன. 2006இல் அமெரிக்க நீதித் திணைக்களம் கிராபிக்ஸ் சந்தையின் போட்டி நிலை பற்றி விசாரணை தொடங்கியபோது என்விடியாவும் ஏ.எம்.டி.யும் ஒருங்கே அதற்குள்ளாயின என்பதை இவ்வணியினர் மறந்துவிடுகின்றனர். அவ்விசாரணை 2008இல் குற்றச்சாட்டு எதுவுமின்றி முடிவுற்றது.

2018இன் கண்டனம் பயன் விளைத்தமைக்குக் காரணம், அது ஒரு குறித்த நிபந்தனையைச் சுட்டி எழுந்தமையே. எனினும் அவ்வெற்றியின் எல்லையையும் உணர்தல் வேண்டும். திட்டம் மீளப்பெறப்பட்டதேயன்றி, அத்தகைய நிபந்தனை முறையற்றதென எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. கைவிட்டவர் விரும்பின் வேறொரு பெயரில் அதனை மீண்டும் கொணரலாம். நுகர்வோன் சினம் சில வாரங்களில் தணிந்துவிடும். சந்தையின் அமைப்போ நிலைத்திருக்கும். அணி மனப்பான்மையை விடுத்து, எவர் செய்யினும் அச்செயலையே எதிர்க்கும் நிலைக்கு விளையாட்டாளர் வருவதும், அவ்வெதிர்ப்புச் சட்டத்தின் வலுவைப் பெறுவதும் இன்றியமையாதன.