மனப்பாடமும் விசுவாசமும்

முத்துக்குளித்துறையில் 1542 முதல் மறைப்பணி செய்த புனித பிரான்சிஸ் சவேரியார், விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் எழுதி வாங்கி, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி, மனப்பாடம் செய்ய வைத்தார். 1545இல் மலாக்கா வந்தபோதும் அதே முறைதான். இங்கே செபங்களை மலாய் மொழியில் பெயர்க்கச் செய்தார். மலாக்காத் தமிழ்க் கத்தோலிக்கரிடம் இன்றும் தொடரும் இந்த மனப்பாட முறை விசுவாசத்தை வளர்க்கிறதா, அல்லது அதன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறதா?

இதன் பலத்தை வரலாறே சொல்லும். 1641இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாடு ஒடுக்கப்பட்டது. 1710இல் புனித பேதுரு ஆலயம் எழும்பும்வரை மக்கள் மறைவாகக் கூடியே செபித்தார்கள். மனத்தில் பதிந்த செபத்தை யாராலும் பறிமுதல் செய்ய முடியவில்லை. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபின், புக்கிட் அசஹான் போன்ற இடங்களில் தமிழர் உழைத்த தோட்டங்கள் பெருகின. குருவானவர் எப்போதாவது வரும் லயங்களில், விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பால்வெட்டித் திரும்பிய தாய், எழுத்தறியாதவளாயினும், மாலையில் செபமாலை சொல்லிக் கொடுத்தாள். விசுவாசம் அப்படித்தான் தலைமுறை தாண்டியது.

குறையும் இங்கேதான் இருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் புனிதர்களின் உறவைப் பற்றிய பகுதியை ஒரு பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. இறந்துபோன பாட்டியோடும் தனக்கு அந்த உறவு உண்டு என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. கடவுள் இருக்கிறார் என ஏற்பது, அவர் சொல்வதை நம்புவது, அன்போடு அவரை நோக்கிச் செல்வது என அகுஸ்தீனார் மூன்றாகப் பிரித்தார். மனப்பாடம் முதல் இரண்டின் வாசலில் நிறுத்திவிடும். மூன்றாவதற்கு நடந்தாக வேண்டும். பசித்தவனுக்கு நல்வார்த்தை மட்டும் சொல்லியனுப்பும் விசுவாசம் உயிரற்றது என்பதே யாக்கோபு திருமுகத்தின் வாதம்.

இன்னொரு கேடு, கேள்வியை அவிசுவாசமாகப் பார்ப்பது. தோட்டம் துண்டாடப்பட்டு வேலையும் வீடும் இழந்தவரிடமோ நோயாளியிடமோ, "உனக்கு விசுவாசம் போதாது" என்பது கொடுமை. சந்தேகப்பட்ட தோமையாரை இயேசு விரட்டவில்லை. காயங்களைத் தொட அழைத்தார். அந்தத் தோமையாரின் பெயரால் மயிலாப்பூரில் பேராலயம் கட்டி வணங்கும் நாம், கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டக்கூடாது.

ஆகவே மனப்பாடத்தைக் கைவிட வேண்டாம். அதோடு நின்றுவிடவும் வேண்டாம். பிள்ளை ஒப்பித்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கேள்வி கேட்க இடம் கொடுப்போம். அதையொட்டி அயலாருக்கு ஓர் உதவி செய்யப் பழக்குவோம். மனப்பாடம் விசுவாசத்தைக் காப்பாற்றித் தந்தது. அதை வாழ்ந்து காட்டுவது நம் பொறுப்பு.